கடிதம் நிறுக்கும் துறை

யாங்கூன் நகரத்தில் ஆதரவுக் கடிதம் இல்லாமல் ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் இரண்டுதான். ஒன்று பிறப்பது, இன்னொன்று இறப்பது. பிறந்ததைப் பதியவும் இறந்தவரைத் தூக்கிக்கொண்டு போகவும் கடிதம் வேண்டும். ஆனால் அது மற்றவர்கள் பாடு.

மீதி எல்லாவற்றுக்கும் கடிதம்தான். வீடு மாற, வேலை கேட்க, மின்சார மீட்டர் வைக்க, வைத்த மீட்டரைக் கழற்ற, எதற்கும் யாராவது ஒரு பெரிய மனிதர் "இன்னார் நல்லவர், எனக்குத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பர்மியத்தில் இதற்குத் தௌக்கான்ஸா என்று பெயர். நாளடைவில் இப்படிப்பட்ட கடிதங்கள் பெருகிப்போகவே, அவற்றை வாங்கிக்கொள்வதற்கென்றே ஆதரவுக் கடிதப் பரிசீலனைத் துறை என்று ஒன்று ஏற்பட்டது. பான்ஸொடான் தெருவில், வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புக் கட்டடம் ஒன்றில் அது இருக்கிறது. கட்டடத்துக்குள் அதிகாரிகளும் கட்டடத்துக்கு மேல் புறாக்களும் இருக்கிறார்கள்.

அந்தத் துறையில்தான் சுரேந்திரனுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் வேலைகூடப் பெரிதில்லை. வேலையோடு கிடைக்கிற அறைதான் வேண்டியிருந்தது.

சுரேந்திரனும் அவன் மனைவி சாந்தகுமாரியும் தாகேதாவில் மாமியார் வேலம்மாவின் வீட்டில் இருந்தார்கள். வீடு என்பது ஓர் அறை. நடுவில் வேலம்மாவின் பழைய லோஞ்சிக் கைலி ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தது. அந்தத் திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. சாந்தகுமாரி பிள்ளைத்தாய்ச்சி. அவள் மெல்லிய குரலில், "எனக்குப் புளிச்சக்கீரை திங்கணும்போல இருக்குங்க" என்றால், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நேத்துதானேடி தின்னே?" என்று பதில் வரும். சுரேந்திரன் பெருமூச்சு விட்டால், "என்ன மாப்ளே, நெஞ்சு கரிக்குதா? ஓமத்தண்ணி இருக்கு" என்று வரும்.

"நமக்குன்னு ஒரு கதவு இருந்தாப் போதுங்க" என்று சாந்தகுமாரி ஒருநாள் அவன் காதோடு சொன்னாள். "பிள்ளை பொறக்கிறதுக்குள்ள ஒரு கதவு."

"இருக்கிற கதவே சாத்த மாட்டேங்குது, இன்னொரு கதவு எதுக்குடி?" என்றது திரை.

சுரேந்திரன் முன்பு லைங் தாயாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே அவன் இடது கைகளை மட்டும் தைப்பான். தொழிற்சாலையை மூடிய பிறகு, இடது கை மட்டும் தைக்கத் தெரிந்தவனை வேறு யாரும் கூப்பிடவில்லை. அதனால் மாமியாரின் வடைத் தட்டைத் தூக்கினான். வேலம்மா தினமும் பஸ் ஏறிப் பான்ஸொடானுக்கு வந்து, அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு எதிரே நடைபாதையில் பருப்பு வடை சுட்டு விற்பாள். பக்கத்தில் அமீர் அலி பாய் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துறைக்குக் கடிதம் கொண்டுபோகிறவர்கள் அவரிடம் தட்டச்சு செய்துகொள்வார்கள், காத்திருக்கும்போது வடை தின்பார்கள். இந்த விதமாகத் துறையினால் இரண்டு குடும்பங்களாவது பிழைத்தன.

ஒருநாள் பாய் ஓர் அறிவிப்பைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, இது உனக்கு. புறா விரட்ட ஆள் வேணுமாம். நிரந்தர வேலை. மேல்மாடியில ஒரு ரூம் தர்றாங்க."

"கதவு இருக்கா பாய்?" என்றான் சுரேந்திரன்.

"கதவு இல்லாம ரூம் எப்படிடா? பூட்டுகூட இருக்கு."

வேலம்மா வடையைத் திருப்பிப் போட்டாள். "புறா வெரட்டுறதுக்கு ஆள் எதுக்கு பாய்? சூன்னு சொன்னாப் போயிடும்."

பாய் காரணத்தைச் சொன்னார். துறையில் கடிதங்களை நிறுப்பதற்கு ஒரு தராசு உண்டு. ஒரு முறை ஒரு விண்ணப்பதாரரின் கட்டை நிறுக்கும்போது புறா ஒன்று அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. அவருக்கு உதவி டைரக்டர் வேலை கிடைத்துவிட்டது. இன்னும் அவர்தான் உதவி டைரக்டர். அப்படி மறுபடியும் நடக்கக்கூடாது என்று அவரே எழுதிக் கேட்டதன் பேரில் இந்த வேலையை உண்டாக்கியிருக்கிறார்கள்.

"கடுதாசிய நிறுப்பாங்களா?" என்றான் சுரேந்திரன்.

"பின்னே? இவ்வளவையும் எவன் படிக்கிறது? யாரு கட்டு கனமோ அவருக்கு வேலை."

"அப்ப எழுதியிருக்கிறதை?"

"அது நம்ம திருப்திக்குத் தம்பி" என்றார் பாய்.

அன்றிலிருந்து சுரேந்திரன் கடிதம் சேர்க்கக் கிளம்பினான்.

முதலில் தாகேதாவில் அவர்கள் தெருவின் பத்துவீட்டுத் தலைவரிடம் போனான். அவர் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். சுரேந்திரனின் கல்யாணத்தில் பந்தியில் பாயசம் பரிமாறியவரும் அவர்தான்.

"எழுதித் தருகிறேன்" என்றார் அவர். "ஆனால் உன்னை எனக்குத் தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"காலையிலகூடப் பேசினோமே?"

"பேசினோம். அதை யார் பார்த்தது? வார்டுத் தலைவரிடமிருந்து, எனக்கு உன்னைத் தெரியும் என்று ஒரு கடிதம் வாங்கி வா."

வார்டுத் தலைவர் நியாயமானவர். பத்துவீட்டுத் தலைவருக்கு அவனைத் தெரியும் என்று எழுதித்தர அவருக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் அப்படித் தெரியும் என்று பத்துவீட்டுத் தலைவர் முதலில் ஒரு கடிதம் தரவேண்டும் என்றார். அங்குமிங்கும் நடந்ததில் சுரேந்திரனின் செருப்பு வார் அறுந்துபோயிற்று. கடைசியில் சாந்தகுமாரிதான் ஒரு வழி சொன்னாள். இரண்டு பேரையும் ஒரே தேநீர்க் கடையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கோப்பை லஃபெட்யே வாங்கிக்கொடுத்து, நடுவில் சுரேந்திரன் நின்று "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்ல, இருவரும் ஒரே சமயத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வார்டுத் தலைவர் கொஞ்சம் முந்திவிட்டார் என்று பத்துவீட்டுத் தலைவர் சந்தேகப்பட்டதால், புதிதாக எழுதி இன்னொரு முறையும் போட்டார்கள். அதனால் இரண்டுக்குப் பதில் நான்கு கடிதங்கள் கிடைத்தன.

பிறகு சைக்கிள் ரிக்‌ஷா சங்கத் தலைவர் எழுதினார், கோயில் காரியதரிசி எழுதினார், பல் டாக்டர் எழுதினார். பல் டாக்டர் சுரேந்திரனுடைய பற்களைப் பற்றி மட்டும்தான் தன்னால் பொறுப்பேற்க முடியும் என்றார். எல்லாவற்றையும் அமீர் அலி பாய் தட்டச்சு செய்தார்.

"'இவர் இளமையிலிருந்தே புறாக்களின் குணம் அறிந்தவர்'னு போட்டிருக்கீங்களே பாய்? நான் புறாவைத் தொட்டதுகூட இல்லையே."

"நீ தொட வேண்டியதில்ல, வெரட்டத்தானே போறே" என்றார் பாய். "தாளைப் பாரு. கல்யாணப் பத்திரிகை அட்டை. தட்டுறதுக்குள்ள விரல் வீங்கிடுச்சு."

நிறுவை நாள் வந்தது. அதற்கு முன்னால் விண்ணப்பதாரர்கள் எல்லாரும் டைரக்டருக்குக் காணிக்கைத் தட்டு வைத்து வணங்கவேண்டும் என்பது துறையின் வழக்கம். ஒரு தேங்காய், மூன்று சீப்பு வாழைப்பழம். இதைப் பர்மியர்கள் கடோ செய்வது என்பார்கள். பெரியவர்களுக்கு மரியாதை. அறிவிப்பில் இது இல்லை. ஆனால் இதைச் செய்யாதவர்களின் கட்டைத் தராசு ஏற்றுக்கொண்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"தேங்காய நான் பாத்துக்கறேன்" என்றாள் வேலம்மா. மாப்பிள்ளை மேல் அவளுக்குப் பிரியம் என்று சொல்லமுடியாது. ஆனால் மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகஸ்தன் என்று நடைபாதையில் சொல்லிக்கொள்வதில் பிரியம் இருந்தது. நல்ல முற்றல் காயாகப் பார்த்து, குடுமி வைத்து உரித்து, மஞ்சள் பூசி, தானே எடுத்துக்கொண்டு உடன் வந்தாள்.

துறையின் பெரிய கூடத்தில் விண்ணப்பதாரர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கடிதக் கட்டு, பக்கத்தில் தட்டு. லைங் தாயாவில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் தம் கடிதங்களை எல்லாம் பெட்டி அட்டையிலேயே எழுதி வாங்கியிருந்தார். ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும் "இந்தப் பக்கம் மேலே" என்று அச்சிட்டிருந்தது. த்வாண்டேயிலிருந்து வந்த குயவர் ஒருவர் தமது கடிதத்தைக் களிமண் பலகையில் எழுதிச் சூளையில் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். தலைமை எழுத்தர் டோ கின் எய் அம்மாள் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, கடிதம் என்பது மடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றார். குயவர் மடித்தார். கிழிந்த கடிதம் செல்லாது என்று இரண்டு துண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

டைரக்டர் ஊ தௌங் பே வந்து மேடையில் உட்கார்ந்தார். மழுமழுவென்ற முகம், பட்டு லோஞ்சி. அவர் பர்மியத்தில் பேசியதன் சாரம் இது:

"விண்ணப்பதாரர்களே! நான் இந்தத் துறையில் சேர்ந்த நாள் முதல் ஒரு கடிதத்தைக்கூடப் படித்ததில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். படித்தால் என்ன ஆகும்? பெயர் கண்ணில் படும். பெயர் பட்டால் ஆள் நினைவுக்கு வருவார். ஆள் நினைவுக்கு வந்தால் மனம் சாயும். தராசுக்கு மனம் இல்லை. ஆகவே அது சாய்ந்தாலும் நேர்மையாகவே சாயும். எனக்கு முன்பிருந்தவர் கடிதங்களைப் படிப்பவர். அவர் தம் மைத்துனனை வேலைக்கு வைத்தார். நானும் என் மைத்துனனை வைத்தேன், ஆனால் நிறுத்து வைத்தேன். தராசை அவனே பிடித்திருந்தான் என்று சிலர் குறை சொல்கிறார்கள். வேறு யார் பிடிப்பது? தராசு பிடிக்கும் வேலைக்குத்தானே அவன் விண்ணப்பித்திருந்தான்!"

எல்லாரும் கைதட்டினார்கள். தராசு பிடித்திருந்த மைத்துனர் எழுந்து வணங்கினார்.

ஒவ்வொருவராகத் தட்டை டைரக்டரின் காலடியில் வைத்துக் கும்பிட்டார்கள். சுரேந்திரன் முறை வந்தது. அவன் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். கூட வந்திருந்த வேலம்மா எல்லாத் தேங்காய்களையும் பார்த்தாள். எல்லாம் முழுசு முழுசாக இருந்தன. இத்தனை பேர் தேங்காயைக் கொண்டுவந்து ஒருத்தர்கூட உடைக்காமல் வைத்துவிட்டுப் போகிறார்களே என்று அவளுக்கு மனம் ஆறவில்லை. தன் வாழ்நாளில் முழுத் தேங்காயை வைத்து எந்தச் சாமியும் வரம் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

"முருகா, ஒரு ரூம்பு குடு" என்று சொல்லி, மேடையின் சலவைக்கல் விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

தேங்காய் இரண்டாகப் பிளந்தது. தண்ணீரில் பாதி சுரேந்திரனின் கட்டின்மேலும், மீதி டைரக்டரின் செருப்பின்மேலும் விழுந்தது. பர்மிய வீடுகளில் காணிக்கைத் தேங்காயை உடைக்கமாட்டார்கள். காம்பு ஒடிந்தாலே ஆகாது என்பார்கள். டோ கின் எய் அம்மாள் அவசரமாக விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பாருங்க, ரெண்டும் சரிசமமா ஒடைஞ்சிருக்கு" என்று வேலம்மா தமிழில் சொல்லி, இரண்டு மூடிகளையும் எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். "அழுகல் இல்ல. காரியம் ஜெயம்தான்!"

"என்ன சொல்கிறார்?" என்றார் டைரக்டர்.

பெரிய அதிகாரிகளைச் சயாஜி என்று அழைக்கும் பர்மிய மரியாதையோடு சுரேந்திரன் சொன்னான்: "நீங்க நல்லா இருக்கணும்னு சொல்றாங்க, சயாஜி."

டைரக்டர் தம் செருப்பைப் பார்த்தார். கோபப்படுவதா, கௌரவிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று காட்டிக்கொள்வதும் பதவிக்கு அழகில்லை. "விதி என்ன சொல்கிறது?" என்றார்.

டோ கின் எய் அம்மாள் படித்தார்: "'தேங்காய் காம்புடன் இருத்தல் வேண்டும்.'" பிறகு குடுமியோடு கூடிய மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஒரு பாதியில் காம்பு போன்ற ஒன்று இருக்கிறது."

"அப்படியானால் அந்தப் பாதி செல்லும்" என்றார் டைரக்டர். "மற்ற பாதியை அலுவலகச் சமையலுக்கு அனுப்புங்கள். நிறுவையைத் தொடங்கலாம்."

வீசைக் கற்களை அடுக்கி ஒவ்வொரு கட்டாக நிறுத்தார்கள். அட்டைப்பெட்டிக்காரரின் கட்டு ஏறியபோது மைத்துனரே ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார். அதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கடைசியாகச் சுரேந்திரனின் கட்டை வைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை தேங்காய்த் தண்ணீரைச் சொட்டுவிடாமல் குடித்திருந்தது. தட்டு மெல்ல இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது, டக் என்று மேசையைத் தொட்டது.

"ஈரம்! அது ஈரமாக இருக்கிறது!" என்று அட்டைப்பெட்டிக்காரர் எழுந்து நின்று கத்தினார்.

டைரக்டர் கையை உயர்த்தினார். "உட்காருங்கள். எடை எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்தால் இந்தக் கட்டடத்தில் யாருமே மிஞ்சமாட்டோம்."

உதவி டைரக்டர் பலமாகத் தலையாட்டினார்.

இப்படியாகச் சுரேந்திரன் அரசாங்க உத்தியோகஸ்தன் ஆனான். அதுவரை அவனைக் கோ சுரேந்திரன் என்று தம்பிபோல் அழைத்த டோ கின் எய் அம்மாள், அந்த நிமிஷத்திலிருந்து ஊ சுரேந்திரன் என்று பெரியவர்களைச் சொல்வதுபோல் அழைத்தார். சாவியையும் கொடுத்தார்.

மறுநாள் சாந்தகுமாரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு, படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து மேல்மாடிக்கு ஏறினாள். கதவு இருந்தது. தேக்குக் கதவு, பித்தளைப் பிடி. அவள் அதை ஒரு முறை தடவிப் பார்த்தாள். சுரேந்திரன் பூட்டைத் திறந்து தள்ளினான். கதவு கொஞ்சம் போய் நின்றுவிட்டது.

அறை நிறையக் கடிதங்கள் இருந்தன. துறை தொடங்கிய நாளிலிருந்து நிறுத்து முடித்த கடிதங்களை எல்லாம் அங்கேதான் போட்டிருந்தார்கள். தரையிலிருந்து கூரைவரை கட்டுக் கட்டாக, கட்டுக்கு மேல் கட்டாக.

சுரேந்திரன் கீழே ஓடினான். டோ கின் எய் அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அறை உங்களுடையதுதான். ஆனால் கடிதங்கள் உங்களுக்கு முன்பே அங்கே குடியிருக்கின்றன. அவற்றை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமானால், அவை மாறத் தகுதியானவை என்று யாராவது ஆதரவுக் கடிதம் தரவேண்டும்."

"கடுதாசிக்கு யாரும்மா கடுதாசி தருவாங்க?"

"அதுதான் சிக்கல். அப்படியே ஒருவர் தந்தாலும், அதையும் நிறுத்து முடித்து அந்த அறையில்தானே போடவேண்டும்?"

சாந்தகுமாரி அழுவாள் என்று எதிர்பார்த்துச் சுரேந்திரன் மேலே வந்தான். அவள் கதவிடுக்கில் ஒருக்களித்து நுழைந்து, நாலு கட்டுகளை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். "மெத்தை மாதிரி இருக்குங்க" என்றாள். "முதுகுக்கு நல்லா இருக்கு."

வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். புறா விரட்டுவது சுலபம் என்று வேலம்மா சொன்னது உண்மைதான். ஆனால் தினமும் காலையில் ஊ தௌங் பே அலுவலகப் படியில் நின்று புறாக்களுக்குச் சோளம் இறைப்பார். புறாவுக்குத் தீனி போடுவது புண்ணியம். முதல் நாள் சுரேந்திரன் மூங்கில் குச்சியோடு ஓடிவந்து "சூ!" என்றபோது, டைரக்டர் திடுக்கிட்டுச் சோளத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"என் புண்ணியத்தையா விரட்டுகிறாய்?"

"வேலை, சயாஜி."

"பத்து மணிவரை நான் தனி மனிதன், புறாக்கள் என் விருந்தாளிகள். பத்து மணிக்கு நான் டைரக்டர். அதன்பின் ஒரு புறா இருந்தாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்."

புறாக்களுக்கு மணி தெரியாததால், அவை பத்து மணிக்கு மேலும் தனி மனிதரைத் தேடிக்கொண்டு ஜன்னல் வழியாக வந்தன. சுரேந்திரன் அவற்றை விரட்டினான். அவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போயின. வேலை நிரந்தரம் என்பதன் அர்த்தம் அவனுக்குப் புரிந்தது.

அறைப் பிரச்சினையைத் தீர்த்தவள் வேலம்மா. ஒருநாள் மகளைப் பார்க்க மேலே வந்தவள், கடிதக் குவியலைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள். "அடிப்பாவி! வடை மடிக்கக் காகிதம் கிடைக்காம நான் அங்க அல்லாடிக்கிட்டிருக்கேன். இப்பல்லாம் எவன் பேப்பர் வாங்குறான்? எல்லாம் போன்ல படிக்கிறானுங்க. இங்க என்னடான்னா மலையாக் கிடக்கு!"

"அது அரசாங்கத்துக் கடுதாசி, அத்தே" என்றான் சுரேந்திரன்.

"அரசாங்கத்து ஆளுங்கதானே நம்ம வடையும் திங்கிறாங்க? அவங்க கடுதாசி அவங்களுக்கே போவுது."

தினமும் ஒரு கட்டு கீழே போனது. பான்ஸொடான் தெருவில் மக்கள் வடை தின்றுகொண்டே கடிதங்களைப் படித்தார்கள். எழுதப்பட்ட நாளிலிருந்து அவற்றை முதன்முதலாகப் படித்தவர்கள் அவர்கள்தான். மேலே அறை வளர்ந்தது. முதலில் ஜன்னல் தெரிந்தது. பிறகு ஒரு சுவர். பிறகு தரை. அது பூப்போட்ட தரை என்று தெரிந்த அன்று சாந்தகுமாரி அதைக் கழுவிவிட்டு வெறுங்காலில் நடந்து நடந்து பார்த்தாள். கதவைச் சாத்தித் திறந்தாள். மறுபடியும் சாத்தினாள். "என்னங்க" என்றாள், சத்தமாக. எங்கிருந்தும் பதில் வரவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம்தான் டைரக்டர் வடை தின்றார்.

மின்சாரம் போய், ஜெனரேட்டரும் ஓடாமல், காற்றுக்காக அவர் வாசலுக்கு வந்திருந்தார். எதிரே எண்ணெய் வாசனை. டோ கின் எய் அம்மாள் போய் வாங்கிவந்தார். ஊ தௌங் பே படியில் உட்கார்ந்து தின்றார். கடைசி வடையை எடுத்ததும் அவர் கண் கீழே இருந்த காகிதத்தில் பட்டது. அந்தக் கண் ஒரு கடிதத்தில் பட்டது அவர் உத்தியோக வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. பட்ட கண்ணை எடுக்க அவரால் முடியவில்லை.

"'இவரைப் போல் பொய் சொல்லாதவர், நேரம் தவறாதவர், உயரத்துக்கு அஞ்சாதவர் இந்த மாநகரில் வேறொருவர் இல்லை'" என்று அவர் உரக்கப் படித்தார். "'இவரை நழுவவிட்டால் நாட்டுக்கே நஷ்டம்.'"

அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். தேதியைப் பார்த்தார். அது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துத் தேதி. பெயரைத் தேடினார். பெயர் இருந்த இடத்தில் எண்ணெய் இருந்தது.

"நழுவவிட்டுவிட்டோமே!" என்றார் டைரக்டர். கண்ணீர் வடைமேல் சொட்டியது. "இப்படி ஒரு மனிதர் நம் வாசலுக்கு வந்திருக்கிறார்! உயரத்துக்கு அஞ்சாதவர்! மேல்மாடி வேலை இவருக்கென்றே பிறந்த வேலை அல்லவா? இந்தக் கடிதம் எங்கிருந்து வந்தது?"

வேலம்மா வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் புறா விரட்டிக்கொண்டிருந்த சுரேந்திரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "மேலே... அந்த அறையிலிருந்து, சயாஜி" என்றான்.

"அப்படியானால் அந்த அறை இவருடையது! அந்த வேலையும் இவருடையது! நீ எடையால் வந்தவன். இவர் தகுதியால் வந்தவர். தகுதி என்று ஒன்று இருப்பது தெரியாதவரை எடை சரிதான். இன்று தெரிந்துவிட்டது. நீ காலி செய்!"

பக்கத்தில் அமீர் அலி பாய் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தம் விரல்களைப் பார்த்தார். அந்த வாக்கியம் அவருடைய வாப்பா இயற்றியது. அதே நடைபாதையில், அதே பொறியில், வந்தவருக்கெல்லாம் வாப்பா அதைத்தான் தட்டிக் கொடுப்பார். வாப்பாவுக்குப் பிறகு பாயும் தட்டினார். தெருவில் அன்று வடை தின்றுகொண்டிருந்த எல்லார் கையிலும் அந்த வாக்கியம்தான் இருந்தது. பாய் வாயைத் திறந்தார். சாந்தகுமாரி அவரைப் பார்த்தாள். பாய் வாயை மூடிக்கொண்டார்.

அவள் சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்தாள். அத்தனை கடிதங்கள்மேல் படுத்து எழுந்தவளுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. டைரக்டர் முன்னால் வந்து, கைகூப்பி, பர்மியத்தில் பணிவாகக் கேட்டாள்.

"சயாஜி சொல்றது சரி. அவ்வளவு பெரிய மனுஷரோட அறையில நாங்க இருக்கிறது தப்புதான். இப்பவே போயிடறோம். ஆனா அவரு வர்றவரைக்கும் அறையைப் பூட்டிப் போட்டா, புறா உள்ள வந்து அசிங்கம் பண்ணிடுமே? அவரு வந்து பார்த்தா துறையைப் பத்தி என்ன நினைப்பாரு?"

டைரக்டர் யோசித்தார். "அவர் என்ன நினைப்பார்..." என்றார் பயத்துடன்.

"அவரு வர்றவரைக்கும் நாங்க அதைப் பார்த்துக்கறோம். வந்த நிமிஷமே காலி பண்ணிடறோம்."

"சயாஜி, அவர் செத்துகூடப் போயிருக்கலாம்" என்றான் சுரேந்திரன், பயத்தில். சாந்தகுமாரி அவன் காலை மிதித்தாள்.

"செத்திருந்தால் முறைப்படி கடிதம் வந்திருக்கும்" என்றார் டைரக்டர். அங்கேயே படியில் உட்கார்ந்து உத்தரவு எழுதினார். பெயர் தெரியாத அந்தக் கனவான் வரும்வரை சுரேந்திரன் அவருக்காக இடம் பிடித்து வைத்திருக்கவேண்டும். கனவான் வந்ததும் விலகவேண்டும். அதுவரை புறாக்களையும் விரட்டலாம்.

டோ கின் எய் அம்மாள் வாசலில் அறிவிப்பு ஒட்டினார். அடுத்த நாளே கட்டடத்தைச் சுற்றி வரிசை நின்றது. வந்தவர்கள் எல்லாரும் தாம்தான் அந்தப் பொய் சொல்லாத மனிதர் என்றார்கள். சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். முன்னால் அட்டைப்பெட்டிக்காரர் நின்றார். மேல்மாடிவரை ஏறிவந்து, அறையை எட்டிப்பார்த்து, ஜன்னல் எந்தத் திசை என்றுகூடக் கேட்டுவிட்டார். சுரேந்திரன் படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் சாந்தகுமாரி. டைரக்டரும் டோ கின் எய் அம்மாளும் பின்னாலேயே வந்து நின்றார்கள். அவள் அட்டைப்பெட்டிக்காரரிடம் திரும்பினாள். "ஐயா, நீங்கதான் அவருன்னா, இவ்வளவு வருஷம் கழிச்சு ஏன் வர்றீங்க?"

"வேலைகள் இருந்தன. தாமதமாகிவிட்டது" என்றார் அவர்.

"தாமதமா?" என்றாள் அவள். "சயாஜி, கடிதத்துல என்ன போட்டிருக்கு?"

டைரக்டர் மார்புப் பையிலிருந்து எண்ணெய்க் கறைபட்ட கடிதத்தை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "'நேரம் தவறாதவர்!'" என்று கூவினார். "நேரம் தவறாதவர் எப்படித் தாமதமாக வருவார்? போம் ஐயா, நீர் அவர் இல்லை!"

இது உடனே விதிப் புத்தகத்தில் ஏறியது. அந்தக் கனவான் இனி எப்போது வந்தாலும் தாமதமாகத்தான் வருவார். தாமதமாக வருகிறவர் அந்தக் கனவான் அல்ல. ஆகவே துறை அவருக்காகத் தொடர்ந்து காத்திருக்கும். வரிசை கலைந்து, எதிரே வடைக்கடைக்குப் போயிற்று.

அவர் வரும் அன்றே அறையைக் காலி செய்துவிடுவதாகச் சுரேந்திரன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவன் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம், சாந்தகுமாரி மேலே கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியின் மேல் ஏறி நின்று, தொட்டில் கட்டுவதற்கு உத்தரத்தில் கொக்கி அடித்துக்கொண்டிருந்தாள்.